ஃபில்ட்டர் கடை பெஞ்சில் ஒரு தூக்கம்

பச்சை லைட்டு எரியுது. எரியட்டும். நான் அதையேதான் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். லைட்டைப் பாக்கோணும், மூச்சைக் கேக்கோணும், அடாப்டரு சூடேறுதான்னு அப்பப்பத் தொட்டும் பாக்கோணும், ஒரு பொம்பளைக்கு எத்தனை சோலிதான். இவரு பாட்டுக்கு அந்த மூச்சு மிஷின் மூடியை மூக்குல மாட்டி, பட்டையைத் தலையைச் சுத்தி இழுத்துவிட்டுட்டு, தென்காசிக் கடைவீதியில ஒரு தண்ணி ஃபில்ட்டர் கடை பெஞ்சுல ஒருக்களிச்சுப் படுத்துட்டாரு. குழந்தைசாமின்னு பேரு வச்ச எங்க மாமியாளைச் சொல்லோணும், தலை நரைச்சும் குழந்தையேதான். படுக்கறதுக்கு முந்தி விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாரு, இந்த அடாப்டருல மூச்சு ஒருக்கா நின்னாலும் பொழுதோட பஸ்ஸுக்குக் கரூருக்கே போயிரோணும், குத்தாலமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நீ நல்லாக் கேட்டுட்டே இருன்னு. சரிங்கன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? குத்தாலத்து லாட்ஜுல ரூமு போட்டாச்சு, துண்டு சோப்பெல்லாம் எடுத்து வெளிய வச்சாச்சு, சன்னலைத் திறந்தா மலை தெரியுது, மலை மேல மேகம் உக்காந்திருக்குது, அருவிச் சத்தம் ரூமுக்குள்ள வருது. அதையெல்லாம் விட்டுட்டு நான் பஸ்ஸு ஏறோணுமாம். ஸ்ஸ்ஸுன்னு காத்து போகுது, ஹூன்னு திரும்பி வருது. நல்லாத்தான் போகுது. நல்லாத்தான் வருது.

அடாப்டரை மறந்தது யாரு தப்புன்னு கேட்டா ரெண்டு பேரும் ஆளுக்கொரு விரலை நீட்டுவோம். திங்கக்கிழமை வெடியால ராகு காலம், எங்க பஸ்ஸும் சரியா அந்நேரத்துக்குத்தான். அதுக்குத்தானே பரஸ்தானம்னு ஒண்ணு இருக்குது, நல்ல நேரத்துலயே ஒரு பையை அக்கம்பக்கத்து வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டா பயணம் அப்பவே கெளம்புன கணக்கு, பொறவு நாம எந்நேரத்துல வாசப்படி தாண்டுனாலும் தோசமில்ல. வச்ச பையைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது, அவ்வளவுதான். எங்கம்மா துணிப்பையை வைப்பா. நான்தான், பயணத்துல எது ரொம்ப முக்கியமோ அதுதான் முன்னாடி போகோணும்னு, மூச்சு மிஷின் பையைக் குடுங்கன்னு நின்னேன். இவருக்குன்னா உசுரே போச்சு. பக்கத்து வீட்டு மாராத்தாக்காகிட்ட அதை வச்சா, இதென்ன பைன்னு அந்தக்கா கேக்கும், தொறந்து பாத்தாலும் பாக்கும், கேட்டா என்னன்னு சொல்லுவேங்கறாரு. ரத்தக்கொதிப்புப் பாக்கற மிஷின்னு சொல்லிக்கலாம் குடுங்கன்னேன். வெடுக்குனு வயரைப் பிடுங்கினாரு, மிஷினைப் பையில திணிச்சாரு, குழாயைச் சுருட்டினாரு, ஜிப்பை இழுத்தாரு. அடாப்டரு கட்டிலுக்குப் பின்னாடி செவுத்தோரமாக் கெடக்குது. அதை அங்க ஒளிச்சு வச்சதும் இவருதான், ஒறம்பரை யாராச்சும் வந்தாக் கண்ணுல பட்டுரும்னு. ஊருக்குத் தெரியக் கூடாது தெரியக் கூடாதுன்னு மூடி மூடி வச்சு, கடைசியில நமக்கே தெரியாமப் போச்சு. அந்தப் பையும் மகாராசனாட்டப் பக்கத்து வீட்டுத் திண்டு மேல உக்காந்து காப்பி குடிக்காத கொறைதான், நல்ல நேரத்துல கெளம்பி, வர வேண்டிய சாமானை விட்டுட்டு வந்துருச்சு. மாராத்தாக்காகிட்டச் சொல்லி பஸ்ஸுல குடுத்து விடச் சொல்லலாம்னா வீட்டுச் சாவி என்ற சுருக்குப் பையில கெடக்குது. சிரிப்பும் வருது, வயித்தெரிச்சலும் வருது.

இந்தக் கடை அடாப்டரைத் தொட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருக்குது. எங்க மில்லு மோட்டாரு ஓடறப்ப எப்படி இருக்குமோ அப்படித்தான், இதெல்லாம் ஒரு சூடா. மாவு மில்லு வச்சுப் பொழைக்கறவளுக்கு மோட்டாருச் சூடு தெரியாதா என்ன, கை வச்சதுமே இது ஓடற சூடு, இது எரியற சூடுன்னு சொல்லிப்போடுவேன். ஆனாலும் பயந்தான். கடைக்காரரு பேரு மசூது, நல்ல மனுசன், வயரு முனையை வெட்டி ஒட்டிக் குடுத்துட்டாரு, ஆனா பிளஸ்ஸு மைனஸு மாறியிருந்துச்சுன்னா மிஷினு புகைஞ்சிரும்னும் அவரேதான் சொன்னாரு. லைட்டு எரிஞ்சப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. எத்தனை கடை ஏறி எறங்கினோம். குத்தாலத்துல இருக்கற கடையெல்லாம் நேந்திரங்கா சிப்ஸு, எண்ணெய், துண்டு, பிளாஸ்டிக்குப் பொம்மை. ஆட்டோ பிடிச்சுத் தென்காசிக்கு வந்தா, செல்போன் கடையில எல்லாம் ஒரே கேள்வி, என்ன மிஷினுக்கு? இவரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. ஒரு கடையில லேப்டாப்புக்குன்னாரு. அவன் லேப்டாப்பு சார்ஜரை எடுத்துப் போட்டான். மிஷினுக்கு அடியில இருபத்தி நாலு வோல்ட்டுன்னு எழுதியிருக்குது, அதுல பத்தொம்போது. அடுத்த கடையில ரேடியோவுக்குன்னாரு. அவன் பன்னெண்டு வோல்ட்டை நீட்டினான். இப்படியே பொய் சொல்லிட்டுப் போனா நேரா கரூர் பஸ்ஸு ஸ்டாண்டுதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதையும் ஆசையாத்தான் சொல்லிட்டு வந்தாரு, கெடைக்கலைன்னாப் போயிரலாம், கெடைக்கலைன்னாப் போயிரலாம்னு. அப்பத்தான் இந்தக் கடை வாசல்ல ஃபில்ட்டரு டப்பாவ வரிசையா அடுக்கி வச்சிருக்கறதைப் பாத்தேன். எங்கூட்டு ஃபில்ட்டரு போன வருசம் நின்னு போனப்ப, மாட்ட வந்தவன் இருபத்தி நாலு வோல்ட்டு அடாப்டரு போயிருச்சுன்னு சொன்னது நெனப்பு வந்துச்சு. நேரா உள்ள போனேன். இவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள, எங்கூட்டுக்காரருக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குதுங்க, அதுக்கு மிஷினு வச்சிருக்கறோம், வயரை மறந்துட்டு வந்துட்டோம்னு பட்டுனு சொல்லிப்போட்டேன். இவரு மூஞ்சியப் பாக்கோணுமே. மசூது ஒண்ணும் சிரிக்கல. மிஷினைக் கவுத்துப் பாத்துட்டு, வோல்ட்டு சரிதான், ஆனா இது கொஞ்சம் சக்தி கம்மி, மிஷினுல காத்தை ஈரமாக்கத் தண்ணியச் சூடு பண்ற சுவிட்சை அணைச்சுட்டு ஓட்டுங்கன்னாரு. முனை சேரலைன்னதும் வேற முனையை வெட்டி ஒட்டினாரு. அப்புறம், இங்கயே அரை மணி நேரம் படுத்துப் பாருங்க அண்ணாச்சி, ராத்திரி நின்னு போச்சுன்னா நான் எங்க வருவேன்னு பெஞ்சைத் தட்டிக் குடுத்தாரு.

படுக்கவே மாட்டேன்னாரே. கடைவீதியில, அத்தனை பேரு போற வார எடத்துல, மூக்குல குழாயோட படுக்கறதான்னு. எனக்குத் தெரியும் அது எங்க இருந்து வர்ற வீம்புன்னு. கொடுமுடி கல்யாண மண்டபத்துல இருந்து வருது. இவரு அக்கா மகன் கல்யாணம், முந்தின நாள் எல்லாரும் மண்டபத்துலயே பாய் விரிச்சுப் படுத்தோம். காலையில எந்திரிச்சா இவரைச் சுத்தி ஒரு பாயும் இல்ல. அத்தனை சனமும் இவரு குறட்டை தாங்காமச் சுருட்டிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடிருச்சு, நடு மண்டபத்துல நாங்க ரெண்டு பேரு மட்டும் தனியாக் கெடக்கறோம். சம்மந்தி வீட்டுக்காரரு ஒருத்தரு பந்தியில இலை போட்டதும் கேக்கறாரு, லாரி எத்தனை மணிக்குச் சரக்கு எறக்குச்சுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. இவருஞ் சிரிச்சாரு. சிரிச்சுட்டு, பாயாசம் வர்றதுக்குள்ள எந்திரிச்சுட்டாரு. அன்னையில இருந்து எந்த ஊருக்குப் போனாலும் கடைசி பஸ்ஸுல வீட்டுக்குத் திரும்பிருவாரு. பழனிக்குப் போனாலும் கடைசி பஸ்ஸு. பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்டுலகூட ஒரு ராத்திரி தங்குனதில்ல, மாப்பிள்ளை எத்தனை கெஞ்சினாரு. அந்தப் பஸ்ஸுலயும் கண்ணை மூட மாட்டாரு, கம்பியைப் பிடிச்சுட்டு முழிச்சுட்டே வருவாரு, தூங்கிட்டா பஸ்ஸு பூராவும் திரும்பிப் பாக்குமேன்னு. எனக்கு அருவியில குளிக்கோணும். நேரமே, கூட்டம் வர்றதுக்கு முந்தி, இருட்டுப் பிரியறப்பவே போய்த் தலையக் குடுத்துட்டு நிக்கோணும். அதுக்கு ஒரு ராத்திரி தங்கோணும். ஒரே ஒரு ராத்திரி. இத்தனை வருசத்துல நான் கேட்டது அதுதான், அதுக்கு இப்பத்தான் தலையாட்டினாரு, மிஷினு வந்து எட்டு மாசம் கழிச்சு.

ஆரோ உள்ள வர்றாங்க. ஒரு பொம்பளை, ஃபில்ட்டருக்கு ஏதோ கேக்க வந்திருப்பா போல, கையில குழாய்த் துண்டு வச்சிருக்கா. பெஞ்சைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. நெஞ்சைப் பிடிச்சுட்டு, என்னாச்சு ஆளுக்குன்னு என்னையக் கேக்கறா. ஒண்ணும் ஆகலைங்க, தூங்கறாருன்னேன். கடையிலயான்னா. ஆமாங்கன்னேன். குறட்டைக்குண்டான மிஷினுங்க, குறட்டைன்னா வெறுங் குறட்டை இல்லீங்க, நடுவுல மூச்சே நின்னு போகும், இதை மாட்டிட்டா நிக்காது, பயப்படற மாதிரி ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். அவ குழாய்த் துண்டை மறந்துட்டா. என் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, மெதுவா, இது எங்க கிடைக்கும், எந்த டாக்டரைப் பாக்கணும், எங்க வீட்ல அவுக வண்டி ஓட்டிக்கிட்டே தூங்கிருதாகன்னா. இவரும் அப்படித்தாங்க, மொபெட்டை சிக்னல்ல நிறுத்திட்டு அப்படியே தூங்கிக் கீழ சாஞ்சாரு, அதுக்குப் பொறவுதான் கோயமுத்தூருல ஒடம்பெல்லாம் வயரைச் சுத்தி ஒரு ராத்திரி படுக்க வச்சுப் பாத்தாங்கன்னேன். காது மூக்கு தொண்டை டாக்டருகிட்டக் காட்டுங்க, அவரு சொல்லுவாருன்னேன். அவ இவரையே பாத்துட்டு இருந்தா. கேலியாப் பாக்கல. கோயில்ல சாமியப் பாக்கற மாதிரி பாத்தா. அடப் பாவி மனுசா, எந்திரிச்சு இதைப் பாருங்களேன், ஒருத்தி உம்ம குறட்டைய இத்தனை மரியாதையாக் கேட்டுட்டு இருக்காளேன்னு எழுப்பலாமான்னு இருந்துச்சு. அவளுக்கு எத்தனை ராத்திரி போச்சோ. கண்ணுக்குக் கீழ கருவளையம் இருக்குது. எனக்கும் இருந்துச்சு. அதை நான் நல்லாத் தெரிஞ்சுக்குவேன், யாருகிட்டப் பாத்தாலும்.

எங்கூட்டுக் கட்டில்ல நான் செவுத்தோரம், இவரு வாசப்பக்கம். என்ற காலு எப்பவும் இவரு காலுல பட்டுட்டேதான் இருக்கும். ஆசையில இல்ல, காவலுக்கு. கொர்ருன்னு சத்தம் வர்ற வரைக்கும் எனக்கு நிம்மதி. சத்தம் வந்தா என்ன, எங்க மில்லுல பகல் பூராவும் வர்ற சத்தத்துக்கு இது எம்மாத்திரம், ஒரு பக்கம் மொளகா ஒரு பக்கம் ராகின்னு ஓடறப்ப நான் உக்காந்துட்டே தூங்கியிருக்கறேன். மில்லுல கரண்டு போனாத்தான் எனக்கு முழிப்பு வரும். இவருகிட்டயும் அப்படித்தான், சத்தம் டக்குனு நிக்கும் பாருங்க, அப்ப எனக்குக் கண்ணு தானாத் தொறந்துக்கும். இருட்டுல மேல பாத்துட்டுக் கெடப்பேன். வரும். வரும். வரோணுமே. காலு பெருவிரலால ஒரு இடி இடிப்பேன். தண்ணிக்குள்ள இருந்து தலைய எடுக்கற மாதிரி ஹக்குனு ஒரு மூச்சு வரும். பொறவு மறுபடியும் கொர்ரு. மறுபடியும் நிக்கும். காலையில காப்பியக் குடுக்கறப்பவே சொல்லிருவேன், இன்னைக்கு இத்தனை தடவைன்னு. இவருக்கு அதைக் கேக்காமக் காப்பி எறங்காது. மிஷினு வந்த பொறவும் விட்டுதா? டாக்டரு நீங்க தூங்குங்கம்மான்னாரு. நானும் படுத்தேன். காது சொன்ன பேச்சைக் கேக்குமா? ஸ்ஸ்ஸு, ஹூ. ஸ்ஸ்ஸு, ஹூ. இது நின்னா? கரண்டு போனா? மூடி நழுவினா? எட்டு மாசமா நான் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். பழகிப் போச்சு. இனிமே சாகற வரைக்கும் என்ற காது இவரு மூக்குகிட்டத்தான் கெடக்கும்போல.

அந்தம்மா டாக்டரு பேரை மசூதுகிட்டக் கேட்டு எழுதி வாங்கிட்டுப் போயிட்டா. வெளிய சாரல் போடுது. மழையின்னு சொல்ல முடியாது, கரூர்ல மழையின்னா படபடன்னு வந்து நாலு துணிய நனைச்சுட்டு ஓடிரும், இது பவுடரு தூவுன மாதிரி வருது, குடையே ஒருத்தரும் விரிக்கல. எதுத்த கடையில நார்த்தங்கா மூட்டையப் பிரிச்சுப் போட்டுட்டு இருக்கான், நல்ல மஞ்சளா, ஒவ்வொண்ணும் தேங்கா அத்தனை இருக்குது. ஊருகாய்க்குப் போட்டா ரெண்டு வருசம் கெடாது. நாலு வாங்கிட்டுப் போலாம், பொண்ணுக்கு ரெண்டு. அவ புருசனுக்குப் புளிப்பு ஆகாது, ஆனா அவளுக்கு ஆகும். இன்னைக்கு மில்லு மூடிக் கெடக்கும். நாச்சிமுத்து வீட்டுல இருந்து கொழம்புப்பொடிக்கு வறுத்தது கொண்டாந்திருப்பாங்க, பூட்டைப் பாத்துட்டு ஏசிட்டுப் போயிருப்பாங்க. ஏசட்டும். ஒரு நாளைக்கு வேற மில்லுக்குப் போனா ஒண்ணும் கொறஞ்சு போயிராது, அந்த மில்லுக்காரன் எப்பவும் மல்லியக் கொரகொரன்னு அரைப்பான், அடுத்த தடவை தானா எங்கிட்ட வருவாங்க. கொத்தமல்லி சரியா அரைபடறப்ப ஒரு வாசனை வரும், தொண்டை வரைக்கும் எறங்கும், அப்ப மோட்டாரை நிறுத்திப்போடோணும், ஒரு சுத்து எச்சாப் போனாக் காந்திரும். அதை யாரும் சொல்லிக் குடுத்து வர்றதில்ல. இந்தச் சாரல்லயும் அப்படி ஒரு வாசனை இருக்குது, பச்சையா, வெத்தலையக் கிள்ளுனாப்புல. மசூது டீ சொல்லியிருக்காரு. இஞ்சி தட்டிப் போட்ட டீ, நல்லாச் சூடா, டம்ளரை ரெண்டு கையிலயும் பிடிச்சுட்டு ரோட்டைப் பாத்துட்டு இருக்கறேன். ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரிப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கத்திட்டுப் போகுதுங்க, எல்லாம் தலையை நனைச்சுட்டு. நான் கடைசியா எப்ப மழையில நனைஞ்சேன்? அருவியில நிக்கறப்பத் தலையில அடிக்குமாமே, முதுகுல மம்பட்டியால தட்டுனாப்புல இருக்கும்னு மாராத்தாக்கா சொன்னா, சத்தம் காத அடைச்சு வேற ஒண்ணுமே கேக்காதாம். அதுல நிக்கறப்ப என்ன தோணும்? ஒண்ணும் தோணாது போல. சேலை ஈரமாப் போனா மாத்துச் சேலை பச்சைதான் இருக்குது, கருப்புச் சேலைய எடுத்துட்டு வந்திருக்கலாம். பரவால்ல. பச்சையே நல்லாருக்கும். டீயில சக்கரை கொஞ்சம் தூக்கல், அதுவும் பரவால்ல. இன்னொரு டம்ளரு கேட்டா வெக்கக்கேடா இருக்குமா? காலை நீட்டி உக்காந்தேன், செருப்பைக் கழட்டி விட்டுட்டு. சிமிண்டுத் தரை சில்லுனு இருந்துச்சு.

அண்ணாச்சி எந்திரிச்சாச்சுன்னு மசூது குரலு கேட்டுச்சு. திரும்பிப் பாக்கறேன், இவரு பெஞ்சு மேல உக்காந்துட்டு இருக்காரு, மூடியைக் கழட்டிக் கையில வச்சுட்டு. கன்னத்துல ரெண்டு பக்கமும் பட்டை அழுத்துன கோடு. மூஞ்சி குளிச்சு எந்திரிச்சாப்புலத் தெளிவா இருக்குது. மசூது அடாப்டரைப் பிடிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் ஆவாது, விடிய விடிய ஓடும், எடுத்துட்டுப் போங்கன்னாரு. இவரு அதுக்குத் தலையக்கூட ஆட்டல. என்னையவே பாத்தாரு.

"எத்தனை தடவை நின்னுச்சு?"

 டீ டம்ளரு கையில அப்படியே நிக்குது. எத்தனை தடவை? ஒரு தடவையா? நின்னுச்சா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், நார்த்தங்கா நெனப்பு வருது, கொத்தமல்லி வாசம் வருது, மழை வருது, இவரு மூச்சு மட்டும் வரல. அந்தம்மா எந்திரிச்சுப் போன பொறவு நான் ஒரு மூச்சுக்கூடக் கேக்கல. லைட்டையும் பாக்கல. கை வச்சுச் சூடும் பாக்கல.  ஒருக்காக்கூட நிக்கலைன்னு சொல்லிப்போடலாம். சொன்னா நம்பிருவாரு, ரூமுக்குப் போயிரலாம், வெடியால அருவிக்குப் போயிரலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஆனா இந்த ஒரு கணக்குல நான் இவருகிட்டப் பொய் சொன்னதே இல்ல. சொல்ல வரல.

"தெரியலைங்க. நான் கேக்கவே இல்ல. எதை எதையோ நெனைச்சுட்டு உக்காந்துட்டேன்."

"கேக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

கோவம் வரும்னுதான் பாத்தேன். கோவம் வரல. என்ற காலைப் பாத்தாரு, செருப்பில்லாம நீட்டிக் கெடந்த காலை. கண்ணு தளும்பிப் போச்சு இவருக்கு. மசூது அந்தப் பக்கம் திரும்பி எதையோ எடுத்து அடுக்க ஆரம்பிச்சாரு. இவரு மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "நீ கேக்காம இருந்த நேரம்னு ஒண்ணு இருந்ததே இல்லையே புள்ளை"ன்னாரு.

நான் டம்ளரைக் கீழ வச்சேன்.  இவரு மிஷினை அடாப்டரோட எடுத்தாரு, பையில திணிக்கல, அப்படியே வெளியில தெரியக் கக்கத்துல இடுக்கிட்டு, குழாயைத் தோளுல போட்டுட்டு, சாரல்ல எறங்கி ரோட்டுல நின்னுட்டாரு. நான் செருப்பைத் தேடி மாட்டிட்டுப் பின்னாடியே ஓடி, கரூர் பஸ்ஸு இன்னேரம் ஸ்டாண்டுக்கு வந்திருக்குமேங்கன்னு சொன்னேன்.

"அது போகட்டும்"னாரு.